தலைக்கட்டுக்கு ஒரு கிருமி

கல்யாண வீட்டுக்குப் போனால் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, துக்க வீட்டுக்குப் போனால் எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் அன்புக்கரசிக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால், ‘தங்கள் பண்ணையில் கோழிகள் செத்துக்கொண்டிருக்கின்றனவாமே, அவற்றில் ஒன்றைத் தர இயலுமா’ என்று கேட்கப் போகிற வீட்டில் முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்பதை நுண்ணுயிரியல் முதுகலை வகுப்பில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோடையில் அவளுக்கு வாய்த்திருந்த வேலை அதுதான். போத்தனூரில் ரயில்வே ஊழியரின் மகளாகப் பிறந்து, குடும்பத்திலேயே முதன்முதலாக அறிவியல் படித்தவள் அவள். திருச்சி சாலையில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, குளிர்பதன அறை கட்டி, கோழிகளுக்கான தடுப்பூசி ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார் பாலகோபால். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தும் நூலைவிட நுண்கிருமிகளின் மேல் பிரியம் கொண்டுவிட்டவர். அவரிடம்தான் அன்புக்கரசி பணிபுரிந்தாள். வாரத்தில் பாதி நாட்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் பேருந்து ஏறுவாள்.

“ஏனுங்கம்மணி, பொட்டியில ஐஸ்கிரீமுங்களா?” என்று நடத்துநர் ஒருமுறை கேட்டார்.

“இல்லைங்க. கோழிங்க.”

“கோழிக்கு டிக்கெட் உண்டுங்களே.”

“உசுரோட இல்லைங்க. உடம்புல ஒரு சின்ன பாகம் மட்டுந்தானுங்க.”

நடத்துநர் அதற்குப் பிறகு அவள் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அதில் அவளுக்கும் வசதிதான்.

விஷயம் இதுதான். கம்போரோ என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் நோய், குஞ்சுகளின் வால்பக்கத்தில் இருக்கிற ஒரு சிறு பையைத் தாக்கி, நோயெதிர்ப்புச் சக்தியையே அழித்துவிடும். அதற்கு ஊசி மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கிருமி பண்ணைக்குப் பண்ணை தன் மேலுறைப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பண்ணையின் கிருமியைக் கொண்டு செய்த மருந்து அடுத்த பண்ணையில் பாதிதான் வேலை செய்தது. பாலகோபாலின் யோசனை வேறு. பல பண்ணைகளின் கிருமிகளை எடுத்து, அவற்றின் புரத வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் இடத்திலும் பெரும்பாலானவற்றில் இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரிசையை உருவாக்குவது. அந்தப் பொது வரிசைக்குரிய மரபணுவை வெளிநாட்டில் செயற்கையாகச் செய்து வாங்கி, ஈஸ்ட்டில் வளர்த்துப் புரதமாக்கிக் குஞ்சுகளுக்குப் போட்டால், எந்தப் பக்கத்துக் கிருமி வந்தாலும் அவற்றின் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. அதை விதித்தவர் பாலகோபாலின் தமக்கை வரலட்சுமி. கிடங்கிலும் ஆலையிலும் சரிபாதிப் பங்கு அவருக்கு. “ஒரு மரபணு வாங்கித் தாரேன் பாலு, ஒண்ணே ஒண்ணு. சரியா வந்துதுன்னா நடத்து. வரலைன்னா வெளியூர்க் கம்பெனி மருந்துக்கு ஏஜென்சி எடுத்துட்டுப் பேசாம ஒக்காரு” என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒரே ஒரு வரிசை சரியாக அமைவதில்தான் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பும், அன்புக்கரசியின் வேலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

பண்ணைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களைப்போன்ற பண்பானவர்களை அவள் கண்டதே இல்லை. கேட்கக் கூசி அவள் வாசலிலேயே தயங்கி நிற்க, அவர்களே “வாங்கம்மணி, சேதி வந்துதுங்க” என்று அழைத்து, மோர் கொடுத்து, முறுக்கு கொடுத்து, செய்தித்தாளில் சுற்றிய கோழியையும் தயாராக எடுத்து நீட்டுவார்கள். ஓரமாக உட்கார்ந்து அந்தச் சிறு பையை மட்டும் வெட்டியெடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு அவள் நன்றி சொல்வாள். எவ்வளவு சுலபமாக முடிகிறது என்று அவளுக்கே வியப்பாக இருக்கும்.

கிருமிகளின் மரபணுக்களைப் பிரித்து ஹைதராபாத்துக்கு அனுப்ப, அவற்றின் எழுத்து வரிசைகள் அங்கிருந்து பிளாப்பி தட்டுகளில் வந்து சேர்ந்தன. கணிப்பொறியைப் பார்த்துக்கொண்ட சாமுவேல் அவற்றை அச்சிட்டு, ஆய்வுக்கூடத்துச் சுவரில் வரிசைக்கு வரிசை பொருந்தும்படி ஒட்டினான். அச்சு இயந்திரம் கிர்ரென்று கத்திக்கொண்டே காகிதத்தைத் தள்ளத் தள்ள, சுவர் நிறைந்தது.

“பாருங்க மேடம், எத்தனை ஒத்துமை,” என்றான் சாமுவேல். “நம்மூரு வைரஸும் மரியாதை தெரிஞ்சது போல. ஒண்ணு சொன்னா மத்ததெல்லாம் தலையாட்டுது.”

பாலகோபாலும் மகிழ்ந்துபோனார். பொது வரிசை ஒரே பிற்பகலில் தயாராகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் அதைத் தொலைநகலில் அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று.

எல்லாரும் மகிழ்ந்திருக்கும் இடத்தில் தான் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பது மரியாதையாகாது என்று அன்புக்கரசியும் புன்னகைத்தாள். ஆனாலும் அவளுடைய கண் சுவரை விட்டு நகரவில்லை. புரதம் ஒத்துப்போகலாம், அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் மரபணுவில் சில எழுத்துகள் உண்டு. அவை மாறினாலும் புரதம் மாறாது. யாரும் கேள்வி கேட்காத அந்த எழுத்துகளை ஒவ்வொரு கிருமியும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். இங்கேயோ பெருந்துறைக் கிருமியும் சென்னிமலைக் கிருமியும் கொளத்துப்பாளையத்துக் கிருமியும் அந்த எழுத்துகளில்கூட அச்சடித்ததுபோல ஒன்றாக இருந்தன. பாதிச் சுவருக்கு மேல் அப்படித்தான் இருந்தது.

வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரிப் பேசலாம். ஒரே மாதிரித் தும்முவார்களா என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமையன்று யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறினாள்.

சென்னிமலையில் படுக்கை விரிப்புகள் நெய்யும் தறிச் சத்தத்தைத் தாண்டிப் போனால், மலையின் பின்புறத்தில் ராமாத்தாளின் பண்ணை வரும். கணவர் லாரித் தொழிலில் வெளியூரே கதியாக இருந்ததால் கோழிக் கொட்டகைகளான மூன்று செட்டுகளையும் அந்த அம்மாளே தனியாக நிர்வகித்தார். அவருடைய வாய்க்குப் பயந்து தீவன வியாபாரிகள் எடை குறைக்க மாட்டார்கள் என்று பெயர்.

“வாங்கம்மணி. போன மாசந்தான குடுத்தேன், அதுக்குள்ள தீந்துபோச்சுங்களா?”

“இல்லைங்க. ஒரு சின்ன சந்தேகமுங்க. தப்பா நெனைக்கக் கூடாதுங்க. அந்தக் கோழி எந்த செட்டுல இருந்து எடுத்ததுங்க?”

“மொதல்ல மோரைக் குடிங்க.”

அவள் குடித்து முடிக்கும்வரை ராமாத்தாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு எதிரே நின்றார். பிறகு, “நெசத்தைச் சொல்லட்டுங்களா, இல்ல உங்களுக்குச் சந்தோசமா ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்றார்.

“நெசமே சொல்லுங்க.”

“அது என்ர கோழியே இல்லீங். பெருந்துறை ரோட்டுக் காளிச்சாமியண்ணன் செட்டுக் கோழி.”

அன்புக்கரசி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னங்கம்மணி அப்படிப் பாக்கறீங்க? வெயில்ல பஸ் மாறி வாரீங்க. படிச்ச புள்ள. வெறும் பொட்டியோட அனுப்பிவெக்க மனசு வருங்களா? என்ர செட்டுல செத்துதுன்னு சொல்லவும் முடியாது. கோழி வாங்கற வியாபாரி காதுல உளுந்துதுன்னா கேட்டுக்கு வெளியவே வண்டியத் திருப்பிருவான். காளிச்சாமியண்ணன் செட்டுல செத்தது ஊரு ஒலகத்துக்கே தெரியும், அவுருக்கு மறைக்க ஒண்ணுமில்ல. அதான் அங்க ஒண்ணு வாங்கியாந்து குடுத்துப்போட்டேன். பட்டிக்குள்ள கொண்டாரலீங், ரோட்டோரம் வேப்பமரத்துலயே தொங்கவுட்டு வெச்சிருந்தேன்.”

“நீங்க மட்டும்தானுங்களா?”

“நல்லாக் கேட்டீங்க. அம்மணி வாராங்கன்னு சேதி வந்தாப் போதும், காளிச்சாமியண்ணன் வாசல்ல டிவிஎஸ்ஸா வந்து நிக்கும். நாய்க்குன்னு ஒருத்தரு கேப்பாரு, மீன் குட்டைக்குன்னு ஒருத்தரு கேப்பாரு. நான் கொஞ்சம் நல்லதாப் பொறுக்கித்தான் எடுத்தேன், அதையும் சொல்லிப்போடறேன்.”

அழ வேண்டிய இடம்தான். ஆனால் சாலையோர மரங்களிலெல்லாம் தனக்காகத் தொங்கிக்கொண்டிருந்த காளிச்சாமியின் கோழிகளை நினைத்தபோது அன்புக்கரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ராமாத்தாளும் சேர்ந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்தபிறகு, “அதுனால ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

கெட்டுத்தான் போயிருந்தது. சுவரில் ஒட்டியிருந்தது கொங்கு நாட்டின் பொது வரிசை அன்று. காளிச்சாமியின் செட்டு வரிசையே பல பெயர்களில் ஓட்டுப் போட்டுத் தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் அவள் இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம், மரபணு வந்து, புரதமாகி, குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலோ, வரலட்சுமி அம்மாள் அன்றைக்கே கிடங்கைப் பூட்டிவிடவும் கூடும். எப்படிச் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது என்று வாக்கியங்களை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். பல்லடம் தாண்டியும் ஒன்றும் சரியாக அமையவில்லை.

திங்கட்கிழமை காலையில் பாலகோபால் தாளைத் தொலைநகல் இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், தொந்தரவுக்கு மன்னிக்கணுமுங்க. ஒரு சின்ன விஷயமுங்க.”

“சொல்லுங்க அன்புக்கரசி.”

“நம்ம வரிசையில பாதிக்கு மேல ஒரே கோழிங்க.”

“ஒரே கோழின்னா?”

“ஒரே கோழின்னு சொல்லக் கூடாதுங்க. ஒரே செட்டுக் கோழிங்க.”

முழுவதையும் கேட்டு முடித்ததும் பாலகோபால் தாளை இயந்திரத்திலிருந்து உருவி எடுத்தார். கோபம் வந்தால் அவருடைய மரியாதை இன்னும் கூடிவிடும். “இது சின்ன விஷயமுங்களா?” என்று கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, “எங்க அக்காகிட்ட இதை யாருங்க சொல்றது?” என்றார்.

“நானே சொல்றனுங்க,” என்றாள் அன்புக்கரசி. அப்படிச் சொன்னது தானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது.

வரலட்சுமி அன்று நண்பகலில் வந்தார். நின்றபடியே கேட்டார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

“நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இல்லையா கண்ணு?”

“தெரிஞ்சிருக்காதுங்க.”

“பின்ன எதுக்குச் சொன்னே?”

“குஞ்சுகளுக்குத் தெரிஞ்சிருமுங்க.”

சாமுவேல் சட்டென்று கணிப்பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டான். வரலட்சுமியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. “சரி, இனி என்ன செய்யறதா உத்தேசம்?”

அதற்கான பதிலை மட்டும் அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். “மாரியாத்தா நோம்பிக்கு வரி போடறப்ப ஆளுக்கு ஒண்ணுன்னு போட மாட்டாங்களேங்க. ஒரு ஊட்டுல பத்துப் பேரு இருந்தாலும் ஒரு தலைக்கட்டுதானுங்க. நானு ஆளை எண்ணிப்போட்டனுங்க. தலைக்கட்டைத்தான் எண்ணியிருக்கணும். ஒண்ணுபோல இருக்கற வரிசை எத்தனை இருந்தாலும் சேத்து ஒரே தலைக்கட்டு, ஒரே ஓட்டு. அப்ப காளிச்சாமி செட்டுக்கும் ஒண்ணு, தனியா நிக்கற ஒவ்வொரு வரிசைக்கும் ஒண்ணுங்க.”

“எங்க சர்ச்சுல சந்தாவும் குடும்பக் கணக்குத்தானுங்க,” என்றான் சாமுவேல், திரும்பாமலே.

அவன் அந்தக் கணக்கின்படியே கணிப்பொறியை ஓடவிட்டான். மேலுறையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், உடம்பு கிருமியை அடையாளம் காண்பதற்கு முக்கியமான இடங்களில், சில எழுத்துகள் மாறின. அங்கெல்லாம் காளிச்சாமியின் கிருமிதான் தனியாள். எண்ணிக்கையால் பெரும்பான்மையாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் இப்படித் தலைக்கட்டாகச் சேர்த்தபிறகு மிஞ்சிய வீடுகள் மிகக் குறைவு. பொதுவானது என்று பெயர் சொல்ல அவை போதாது.

“ஆடி முடியற வரைக்கும் நேரம் எடுத்துக்குங்க,” என்றார் வரலட்சுமி. “அதுக்கு மேல எங்கிட்டப் பொறுமை இல்லை.”

உண்மையான கோழியை எப்படி வாங்குவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. பொய் சொன்னீர்கள் என்று போய்க் கேட்க அவளுக்கு நாக்கு வராது. மறுபடியும் பணிவாகக் கேட்டால், மறுபடியும் பண்போடு காளிச்சாமியின் கோழியே வரும். ஆகவே அவள் நேராகக் காளிச்சாமியிடமே போனாள்.

பெருந்துறைச் சாலையோரம் பண்ணை வைத்திருந்த காளிச்சாமி, உடம்பும் குரலும் பெருத்த மனிதர். சொல்லச் சொல்ல அவருடைய மீசை மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

“நாய்க்குன்னு சொன்னானுங்களே. இத்தனை நாய் இந்தப் பக்கம் ஏதுன்னு நானும் நெனச்சேன்.” வண்டிச் சாவியை எடுத்தார். “அப்ப நோவு ஊரெல்லாம். பேரு மட்டும் என்ர செட்டுக்கு. இருக்கட்டும். ஏறுங்கம்மணி வண்டியில.”

“எங்கீங்க?”

“என்ர கோழியத் திருப்பி வாங்கறதுக்கு.”

அவருடைய எம்-எய்ட்டி வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். முதல் வீட்டில் வண்டியை நிறுத்தாமலே அவர் குரல் கொடுத்தார்.

“ஏனுங் மச்சான், அன்னிக்கு என்ர கோழி ஒண்ணு எடுத்துட்டுப் போனீங்களே, திருப்பிக் குடுங்க.”

வெளியே வந்தவர் அன்புக்கரசியைக் கண்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “செத்த கோழிதானுங்களே அது.”

“செத்ததுதான் வேணும். செத்ததுக்குச் செத்தது. உங்க செட்டுல செத்ததா இருக்கோணும்.”

கல்யாணத்தில் வைத்த மொய்யை அடுத்த கல்யாணத்தில் தவறாமல் திருப்பி வைக்கிற மண் அது. வாங்கியதைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. அதுவும் கொடுத்தவரே வாசலில் வந்து நிற்கும்போது. மச்சான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பின்பக்கச் செட்டுக்குப் போனார்.

“பேரு எங்கயும் எழுத மாட்டனுங்க,” என்று அன்புக்கரசி பின்னாலேயே சொன்னாள். “வியாபாரி காதுக்கு என் மூலமாப் போகாதுங்க.”

ஒவ்வொரு பண்ணை வாசலிலும் அவள் வண்டிச் சக்கரங்களின் மேல் பினாயில் தண்ணீரை ஊற்றினாள். அதையே தன் செருப்பின் மேலும் அவர் செருப்பின் மேலும் ஊற்றினாள். கிருமியை வாங்க வந்த இடத்தில் கிருமியைக் கொடுத்துவிட்டுப் போகலாகாது. “என்ர கல்யாணத்தன்னிக்குக்கூடக் காலு இத்தனை சுத்தமா இருந்ததில்லீங்,” என்று முனகிக்கொண்டே காளிச்சாமி ஒவ்வொரு முறையும் காலை நீட்டினார். அவருக்கு இது பிடித்துப்போய்விட்டது என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. கோழி எடுத்துப் போகாதவர்கள் வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, “நீங்க எங்கிட்ட வாங்குலீங், இருந்தாலும் அம்மணிக்கு ஒண்ணு குடுங்க” என்று அதட்டத் தொடங்கிவிட்டார்.

ராமாத்தாள் வாசலிலேயே காத்திருந்தார். “இந்தாங்கண்ணா உங்க கோழி. தூக்கிப் பாருங்க, உங்களதை விட கனம்.”

“செத்த கோழியில என்னம்மா பெருமை?”

“செத்தாலும் என்ர தீவனம் தின்ன கோழிங்.”

ஆடி முடிவதற்குள் சுவரிலிருந்த பழைய காகிதங்கள் உரிக்கப்பட்டுப் புதியவை ஏறின. இம்முறை அவை அவ்வளவு எளிதாகத் தலையாட்டவில்லை. சென்னிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் வேறொரு குடும்பம், காங்கேயம் சாலையில் யாரோடும் சேராத சில. பார்க்கவே சண்டைக்கார ஊர்க்கூட்டம்போல இருந்தது. அன்புக்கரசிக்கு அதைக் கண்டுதான் தெம்பு வந்தது. வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று எண்ணி, புதிய பொது வரிசையை அமைத்தார்கள். சில பண்ணைகளின் கிருமிகளை மட்டும் வேண்டுமென்றே சுவரில் ஏற்றாமல் தனியே உறையவைத்துவிட்டாள். அவற்றையும் தடுத்தால்தான் பொதுவானது என்று சொல்லிக்கொள்ள முடியும்.

மரபணு வந்து, ஈஸ்ட்டில் ஏறி, புரதமாகி, குஞ்சுகளின் உடம்பில் போய் வேலை செய்வதற்குள் அடுத்த பொங்கலும் கடந்துவிட்டது. குஞ்சுகளின் இரத்தத்திலிருந்து பிரித்த நீரை ஒவ்வொரு பண்ணைக் கிருமியோடும் கலந்து, குழிகள் கொண்ட தட்டுகளில் வளர்ந்திருந்த செல்களின் மேல் ஊற்றினார்கள். கிருமி தப்பித்தால் செல்கள் செத்து உதிர்ந்துவிடும். தடுக்கப்பட்டால் செல்கள் நிற்கும். ஊதாச் சாயம் ஊற்றும்போது குழி முழுவதும் ஊதாவாகும்.

சாயம் ஊற்றும் நாளில் வரலட்சுமியும் வந்திருந்தார். அன்புக்கரசி தட்டைக் கழுவி வெளிச்சத்துக்கு நேராக வைத்தாள்.

மேல் வரிசை, காளிச்சாமி செட்டுக் கிருமியை மட்டும் கொண்டு செய்த மருந்தைப் போட்ட குஞ்சுகளுடையது. முதல் குழி அழகான ஊதா. பிறகு வெளுப்பு, அரைகுறை, வெளுப்பு. அடுத்த வரிசை பொது வரிசைப் புரதம் போட்ட குஞ்சுகளுடையது. ஊதா, ஊதா, ஊதா என்று கத்தரிப்பூப் பாய் விரித்ததுபோலப் போயிற்று. சுவரில் ஏறாமல் ஒளிந்திருந்த கிருமிகளின் குழிகளிலும் ஊதாவே நின்றது. பாலகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது எந்தப் பண்ணைக் கிருமியோட வரிசை?” என்று வரலட்சுமி கேட்டார்.

“எந்தப் பண்ணையோடதும் இல்லைங்க. இப்படி ஒரு கிருமி எங்கயும் பொறந்ததே இல்லைங்க.”

“இல்லாத கிருமிக்கா ஊசி போட்டீங்க?”

“ஆமாங்க. யாரு ஊட்டுக் கிருமியும் இல்லாததாலதானுங்க, எல்லா ஊட்டுக்கும் கிட்டத்துல இருக்குது.”

வரலட்சுமி தட்டைத் தாமே வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய ஒரு குழியை அன்புக்கரசி அருகில் போய்ச் சுட்டிக்காட்டினாள். அதில் பாதிதான் ஊதா, மறுபாதி வெளுத்திருந்தது.

“மன்னிக்கணுமுங்க. இது ஒண்ணு சரியா நிக்குலீங்க. காங்கேயத்துக்கு அக்கட்ட இருந்து வந்ததுங்க. அந்தப் பக்கம் நாங்க போனது குறைவு.”

பாலகோபால் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் குழியைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்று அவர் நினைத்திருக்கலாம்.

வரலட்சுமி அந்தக் குழியையே சிறிது நேரம் பார்த்தார்.

“காங்கேயத்துக்கு அக்கட்ட எங்க மாமனார் வழியில நாலஞ்சு பண்ணை இருக்குது,” என்றார். “கோழி சாகுதுன்னு எங்கிட்ட வாய் தொறக்க மாட்டாங்க. நானே கூட வாரேன். வெள்ளிக்கிழமை காலையில கார் போத்தனூருக்கு வந்துரும், தயாரா இரு கண்ணு.”

“அப்ப, அக்கா, ஏஜென்சி...” என்று பாலகோபால் இழுத்தார்.

“வெள்ளிக்கிழமை நான் கோழி பொறுக்கப் போறேன்டா பாலு. ஏஜென்சி பேச எனக்கு ஏது நேரம்?”

அவர் கிளம்பிப் போனபிறகு சாமுவேல் அச்சு இயந்திரத்தில் புதிய காகிதக் கட்டை ஏற்றினான். அன்புக்கரசி தட்டை உலர வைத்துவிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டாள். விரல் நுனிகளில் சாயம் போகவில்லை. இரண்டு நாட்களாவது இருக்கும். விரலில் என்ன என்று வீட்டில் கேட்பார்கள், இந்தத் தடவை எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே, ஐஸ் பெட்டியைக் கழுவ எடுத்தாள்.